மூன்று மணி விழிப்பும் வியாழக்கிழமை மௌனமும்

மதுரையின் தென்பகுதியிலிருந்து 51 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டு, அவருடைய நீண்ட கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறோம்.

படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியாரை நான்கு வருடம் இவர்தான் பார்த்துக்கொண்டார். மாமியார் காலமாகிப் பதினோரு மாதம் ஆகிறது. மகள் கல்யாணமாகிக் கோவைக்குப் போய்விட்டாள். வீட்டில் கணவரும் இவரும் மட்டும். சத்தமே பிடிக்கவில்லை என்கிறார்: கணவர் வைக்கும் டிவி, பக்கத்து வீட்டு மிக்சி, தெருவில் கட்டும் மைக் செட், எதுவும் தாங்க முடியவில்லை. ஆறு மாதமாக வியாழக்கிழமைதோறும் காலை ஆறு முதல் மாலை ஆறு வரை மௌன விரதம். அன்று ஒரு டம்ளர் மோர் மட்டும். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறார். பதினோரு மணி வாக்கில் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, நெஞ்சு படபடக்கிறது. "குண்டலினி எழும்புது, பயப்படாதே" என்று கோயில் சிநேகிதி ஒருவர் சொல்லியிருக்கிறார். தினமும் அதிகாலை மூன்று மணிக்குத் தானாகவே விழிப்பு வந்துவிடுகிறது. பிரம்ம முகூர்த்தத்தில் யாரோ எழுப்பிவிடுவதுபோல் இருக்கிறது. பசி குறைந்து ஐந்து கிலோ இளைத்திருக்கிறார். மார்கழி முழுக்கக் கோலம் போடவில்லை, பூக்கட்டப் பிடிக்கவில்லை. உலகப் பற்று விட்டுப்போய் வைராக்கியம் வந்துவிட்டது என்று நினைக்கிறார்.

ஆனால் மௌனத்தில் அமைதி வரவில்லை. கடைசி நாட்களில் ஒருநாள், படுக்கையை மூன்றாம் முறையாக மாற்றும்போது, மாமியாரைப் பார்த்து "எப்பத்தான் போய்ச் சேருவீங்க" என்று கேட்டுவிட்டார். இரண்டு வாரத்தில் அவர் இறந்துவிட்டார். வாயை மூடினால் போதும், அந்த வார்த்தைதான் காதில் கேட்கிறது.

அவருடைய கேள்விகள் இவை: எனக்கு ஆன்மிகத்துக்குத் தகுதியே இல்லையா? அரிட்டாபட்டி, சமணர் மலை, சதுரகிரி என்று தனியாகப் போய் உட்காரலாமா? ஒரு மண்டலம், 48 நாள், திருவண்ணாமலையில் தனியாகத் தங்கலாமா? கணவர் "டாக்டரைப் பாரு" என்கிறாரே, எனக்கென்ன பைத்தியமா?

---

சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கேள்விகளை நீங்கள் எழுதிய வரிசையில் நான் எடுத்துக்கொள்ளப்போவதில்லை. கேள்வியாகவே கேட்காமல் போகிறபோக்கில் ஒரு வரி சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் அவசரமாகப் படுகிறது.

வியாழக்கிழமை பதினோரு மணி

காலை ஏழு மணிக்குச் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மாலை ஆறு வரை ஒரு டம்ளர் மோரோடு இருக்கிறீர்கள். மருந்துச் சீட்டில் மெட்ஃபார்மினுடன் கிளிமிபிரைடும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா, விரதம் இருக்கிறீர்களா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. வயிறு காலியாக இருக்கும்போதும் அது இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டேதான் இருக்கும். ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் கை நடுங்கும், குப்பென்று வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், கண் இருட்டும். நீங்கள் எழுதியிருப்பது அச்சுப்பிசகாமல் இதேதான். மாத்திரை போட்டு நான்கு மணி நேரம் கழித்து, வாரத்தில் அந்த ஒரு நாள் மட்டும் வருகிறது என்பதையும் கவனியுங்கள். உங்கள் சிநேகிதி நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். குண்டலினியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. தாழ்சர்க்கரையைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும்.

அடுத்த முறை அப்படி வந்தால் மௌனத்தைக் கலைத்துவிடுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் உடனே பாருங்கள். இல்லையென்றால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். அரை டம்ளர் தண்ணீரில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை கரைத்துக் குடியுங்கள். கால் மணி நேரத்தில் நடுக்கம் அடங்கவில்லை என்றால் இன்னொரு முறை. அடங்கியதும் இரண்டு இட்லியோ ஒரு கிண்ணம் சாதமோ சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் மறுபடி இறங்கும். கணவரிடமும் ஒன்று சொல்லிவையுங்கள்: நீங்கள் மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐத்தான் கூப்பிட வேண்டும். சர்க்கரை மருத்துவரைப் பார்க்கும்வரை வியாழக்கிழமைப் பட்டினியை நிறுத்திவையுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. விரதம் அவசியம் வேண்டுமென்றால் மருந்தை அதற்கேற்ப மாற்றித் தர முடியுமா என்று அவர் சொல்லட்டும். பேசாமல் இருப்பதற்கும் சாப்பிடாமல் இருப்பதற்கும் எந்தக் கட்டாயத் தொடர்பும் இல்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டும் மௌனமாக இருக்கலாம்.

மூன்று மணி விழிப்பு

பிரம்ம முகூர்த்தத்தில் எழுவதை ஒரு ஒழுக்கமாக வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்கள் இரவு ஒன்பதுக்கே படுத்துவிடுவார்கள், எழும்போது தெளிவாக இருப்பார்கள். நீங்கள் பதினொன்றரைக்குப் படுத்து மூன்று மணிக்கு விழிக்கிறீர்கள். "மறுபடி தூக்கம் வராது, விடியும்வரை நெஞ்சு கனமாக இருக்கும், பகலெல்லாம் அசதி" என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்த விழிப்போடு பசிக் குறைவு, ஐந்து கிலோ எடை இழப்பு, கோலத்திலும் பூவிலும் ஆசை விட்டுப்போனது, சத்தம் தாங்க முடியாத எரிச்சல், தீராத குற்ற உணர்வு எல்லாம் சேர்ந்து மாதக்கணக்கில் இருந்தால் மனநல மருத்துவர் முதலில் மனச்சோர்வு நோயைத்தான் சந்தேகிப்பார். நானும் அதைத்தான் சந்தேகிக்கிறேன். கடிதத்தை வைத்து உறுதி சொல்ல முடியாது; நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

வைராக்கியத்துக்கும் மனச்சோர்வுக்கும் வித்தியாசம் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பற்று விட்டுப்போனவருக்கு மனம் லேசாக இருக்கும். பேத்தி வந்தால் கொஞ்சுவார், போனால் ஏங்கமாட்டார். மனச்சோர்வில் இருப்பவருக்குப் பேத்தி வந்தாலும் ஒன்றும் தோன்றாது, அப்படித் தோன்றாததற்காகவே இன்னொரு குற்ற உணர்வும் வந்து சேரும். போன தீபாவளிக்கு மகள் வந்திருந்தபோது எப்படி இருந்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "சிரிச்சேன், ஆனா உள்ள யாருமில்ல."

டாக்டரைப் பார் என்று கணவர் சொன்னது உங்களைப் பைத்தியம் என்று சொன்னதாகாது. அவர் சொன்ன விதம் சரியில்லாமல் இருந்திருக்கலாம், விஷயம் சரி. போகும்போது சில ரத்தப் பரிசோதனைகளையும் கேளுங்கள். தைராய்டுக்கு டிஎஸ்ஹெச், ஹீமோகுளோபின், மூன்று மாதச் சராசரி சர்க்கரை, வைட்டமின் பி12. மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது உண்டு. அது குறைந்தாலும் அசதி, மறதி, மனவாட்டம் வரும். இந்த வயதில் மாதவிடாய் நிற்பதும் தூக்கத்தைக் கெடுக்கும். இரவில் உடம்பு சூடேறி வியர்க்கிறதா என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை. அதிகாலை மூன்று மணிக்கும் எடுப்பார்கள். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒருமுறை எட்டிப் பார்த்தாலும் அன்றைக்கே அழையுங்கள்.

மாத்திரை சாப்பிட்டால் தியானம் கைகூடாது என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். நான் அப்படி நினைக்கவில்லை. தூக்கமில்லாதவர் கண்ணை மூடினால் ஒன்று தூங்கிவிழுவார், இல்லாவிட்டால் தவிப்பார். மனச்சோர்வுக்கான மருந்துகள் வேலைசெய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். நன்றாக ஆனபிறகும் சட்டென்று நிறுத்தாதீர்கள்.

அந்த ஒரு வார்த்தை

மௌனத்தில் மனம் அடங்கவில்லை, ஆகவே எனக்குத் தகுதியில்லை என்கிறீர்கள். 2014-ல் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை நடந்தது. கையில் எதுவும் இல்லாமல் ஒரு அறையில் தனியாகப் பதினைந்து நிமிடம் உட்காரச் சொன்னார்கள். வேண்டுமென்றால் தனக்குத்தானே மின்அதிர்ச்சி கொடுத்துக்கொள்ள ஒரு பொத்தான் மட்டும் இருந்தது. அந்த அதிர்ச்சி பிடிக்கவில்லை, காசு கொடுத்தாவது தவிர்ப்பேன் என்று முன்பே சொல்லியிருந்தவர்களிலேயே 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்தினார்கள். சும்மா இருப்பது அவ்வளவு கடினம். நீங்களோ முதல் நாளே பன்னிரண்டு மணி நேரத்தில் தொடங்கியிருக்கிறீர்கள், அதுவும் துக்கத்தின் நடுவில்.

மௌனம் துக்கத்தை ஆற்றிவிடும் என்பதுதான் உங்கள் கடிதம் முழுக்க ஓடும் நம்பிக்கை. ஆற்றாது. பகல் வேலையிலும் பேச்சிலும் அமுங்கிக் கிடக்கிறதை அது மேலே கொண்டுவரும், அவ்வளவுதான். மேலே வந்ததை என்ன செய்வது என்பதற்கு வேறு ஒரு ஆள் வேண்டும், பேச்சு வேண்டும்.

அதனால் அந்த வார்த்தையைப் பற்றியே பேசுவோம். நான்கு வருடம், இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்து, படுக்கைப்புண் வராமல் கடைசிவரை பார்த்திருக்கிறீர்கள். இதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும். மாற்று ஆளில்லாமல் வருடக்கணக்கில் நோயாளியைப் பார்ப்பவர்களில் "இது எப்போது முடியும்" என்று நினைக்காதவர் அபூர்வம். மற்றவர்கள் மனதுக்குள் நினைத்தார்கள், உங்களுக்கு அன்று வாய்விட்டு வந்துவிட்டது. அந்த வார்த்தையால் அவர் இறக்கவில்லை. முதுமையாலும் பக்கவாதத்தாலும் இறந்தார். வார்த்தை தவறுதான், வலித்திருக்கவும் கூடும். அதை இல்லை என்று நான் மழுப்பவில்லை. ஆனால் நான்கு வருடக் கணக்கில் அந்த ஒரு வரியை மட்டும் எழுதி வைத்திருப்பது எந்த ஊர் நியாயம்?

ஒரு காரியம் செய்யலாம். ஒரு நோட்டில் உங்கள் மாமியாருக்குக் கடிதம் எழுதுங்கள். அன்று நடந்ததை முழுதாக, அந்த வார்த்தையோடு சேர்த்து. மூன்றாம் முறை படுக்கை மாற்றியது, முந்தின இரவு தூங்காதது எல்லாம் வரட்டும். ஒரு தடவைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் எழுத வேண்டாம். மூன்று நாள் எழுதுங்கள். இரவு படுக்கப் போகும் நேரத்தில் மட்டும் வேண்டாம். பிறகு அதை ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆலோசகரோ மகளோ உங்கள் அக்காவோ, யாராக இருந்தாலும் சரி. அடுத்த மாதம் முதல் வருடத் திதி வருகிறது என்பதையும் மனதில் வையுங்கள். திதி நெருங்கும் வாரங்களில் அடங்கியிருந்த துக்கம் மறுபடி கிளம்புவது வழக்கம். இந்த மாதத்தில் நீண்ட மௌனம் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் மௌனம் என்றால்

நம் வீடுகளில் ஒருத்தர் பேசாமல் இருந்தால் கோபம் என்றுதான் அர்த்தம். இரண்டே பேர் இருக்கிற வீட்டில் ஒருவர் பன்னிரண்டு மணி நேரம் வாய் திறக்காமல், "சாம்பார் அடுப்பில்" என்று சிலேட்டை நீட்டினால் எதிரில் இருப்பவருக்கு அது தண்டனைபோல் இருக்கும். உங்கள் கடிதத்தில் கணவர் டிவி சத்தத்தோடு மட்டும்தான் வருகிறார். இறந்தது அவருடைய அம்மா. கடையிலிருந்து வந்ததும் சத்தமாக டிவி வைப்பது அவர் தன் வெறுமையை மூடிக்கொள்ளும் வழியாகக்கூட இருக்கலாம். நீங்கள் சத்தத்தை அடைக்கிறீர்கள், அவர் சத்தத்தால் அடைக்கிறார்.

ஆகவே பன்னிரண்டு மணி நேரத்தைக் கைவிட்டு, தினம் முக்கால் மணி நேரம் என்று கேளுங்கள். காலை ஆறு முதல் ஆறே முக்கால். என்ன செய்யப்போகிறீர்கள், எப்போது முடியும், எந்த அவசரத்துக்கு உங்களைக் கூப்பிடலாம் என்பதை முன்கூட்டியே வாயால் சொல்லிவிடுங்கள். முடிந்ததும் முதல் வார்த்தையை நீங்களே அவரிடம் பேசுங்கள். டிவிக்கு ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுப்பதும் குடும்ப அமைதிக்கு நல்லது. முப்பது வருடம் சமைத்துத் துவைத்து ஆள் பார்த்த பெண் தனக்கென்று முக்கால் மணி நேரம் கேட்பதில் அனுமதி வாங்க ஒன்றும் இல்லை. கெஞ்சாமல் தகவலாகச் சொல்லுங்கள்.

எங்கே உட்காருவது, எப்படி

இயற்கையோடு இருக்க ஆசைப்படுவதில் தவறே இல்லை. 2019-ல் இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரின் தகவல்களை ஆராய்ந்ததில், வாரத்தில் மொத்தம் 120 நிமிடமாவது பசுமையான வெளியில் கழிப்பவர்கள் உடல்நலமும் மனநிறைவும் நன்றாக இருப்பதாகச் சொன்னது தெரிந்தது. ஒரே நாளில் இரண்டு மணி நேரமானாலும் சரி, பிரித்துப் பிரித்து ஆனாலும் சரி, வித்தியாசம் இல்லை. வெளியே போனதால் நலமா, நலமாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களா என்பதை அந்த ஆய்வால் தீர்த்துச் சொல்ல முடியாது. ஆனாலும் முயன்று பார்க்க நல்ல அளவு.

தினசரிக்கு மலை வேண்டாம், கண்மாய்க் கரை போதும். உங்கள் பக்கத்துக்குத் திருப்பரங்குன்றம் தென்கால் கண்மாய் தோது. நடைபயிற்சிக்கு ஆட்கள் வரும் நேரத்தில், ஆள் கண்ணில் படும் இடத்தில் உட்காருங்கள். கண்ணை மூட வேண்டாம். உங்கள் நிலையில் இருப்பவர் கண்ணை மூடினால் உள்ளே ஓடும் பேச்சுக்குத்தான் இடம் கிடைக்கும். திறந்த கண்ணுக்கு வெளியே பிடிமானம் உண்டு. தண்ணீர் இருக்கும் மாதங்களில் முக்குளிப்பானைப் பாருங்கள். சின்னப் பறவை, தவிட்டு நிறம். மிதந்துகொண்டே இருக்கும், சட்டென்று வளையம் மட்டும் விட்டுவிட்டு மறைந்துவிடும். எங்கே எழும்பும் என்று கண் தேடும். நினைத்த இடத்தில் அது எழும்பவே எழும்பாது. அந்தச் சில நொடிகளில் மனதில் வேறு எந்த வார்த்தையும் ஓடாது. பத்து முறை முங்கும்வரை பார்த்துவிட்டு எழுந்தால் போதும், அன்றைய தியானம் முடிந்தது.

தண்ணீர் வற்றிய மாதங்களில் காதை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எட்டாத தூரத்துச் சத்தம், பைபாஸ் லாரி, ரயில். அடுத்து நடுத்தூரம், செம்போத்தின் ஊப் ஊப், மயிலின் அகவல். பிறகு பக்கத்தில், புதருக்குள் சலசலக்கும் தவிட்டுக்குருவிக் கூட்டம். கடைசியில் உங்கள் மூச்சு. நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று நிமிடம். லாரிச் சத்தத்தையும் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: சத்தமே இல்லாத இடம் தேடிப் போனால் மதுரை மாவட்டத்தில் கிடைக்காது, கிடைக்காத எரிச்சலோடுதான் திரும்புவீர்கள். முதல் இரண்டு வாரம் பத்து நிமிடம். பிறகு வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி அரை மணிவரை போகலாம். அந்தப் பழைய வார்த்தை திரும்பத் திரும்ப வந்து மூன்றாம் சுற்றும் சுற்றுகிறது என்றால் அதோடு மல்லுக்கட்டாமல் எழுந்து நடங்கள். நடந்தபடியே மௌனமாக இருக்கலாம், அதில் ஒரு குறையும் கிடையாது.

வாரத்துக்கு ஒருமுறை மலை. கீழக்குயில்குடி சமணர் மலைக்கு ஞாயிறு போகாதீர்கள், செல்ஃபி கூட்டம் இருக்கும். வார நாள், விடிந்ததும், துணைக்கு ஒரு பெண்ணோடு. இருவரும் சேர்ந்து போய்ப் பத்தடி தள்ளித் தள்ளி உட்காரலாம். அடிவாரத்தில் தாமரைக்குளமும் அய்யனார் கோயில் ஆலமரமும் போதுமான இடம். ஏற முடிந்தால் பாறையில் வெட்டிய படிகள் வழியே பேச்சிப்பள்ளம்வரை போகலாம். சுனைக்கு மேலே தீர்த்தங்கரர் சிற்பங்கள் வரிசையாக இருக்கும். மழை பெய்த மறுநாள் பாறை வழுக்கும். சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள், அதன்பிறகு பாறை அனலாகும். உங்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை: சர்க்கரை உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சூடு உறைக்காமல் வெறுங்காலோடு நடந்து கொப்புளம் வந்தபிறகுதான் தெரியும். கோயில் எல்லைக்கு வெளியே செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைப் பாருங்கள். சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், பையில் ஒரு லிட்டர் தண்ணீர், நான்கு பிஸ்கட், குளுக்கோஸ் பொட்டலம். பாறை இடுக்கில் மலைத்தேனீ கூடு இருந்தால் அங்கே கற்பூரம் ஊதுபத்தி ஏற்றக் கூடாது. கல்லைப் புரட்டி இடம் சரிசெய்து உட்காராதீர்கள், சுருட்டை விரியன் இருக்கும் இடம் அதுதான்.

அரிட்டாபட்டி அற்புதமான இடம். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. வல்லூறும் ராஜாளியும் வட்டமிடும் பாறைக் குன்றுகள். ஆனால் உங்கள் வீட்டிலிருந்து தூரம், குன்றுகளுக்கிடையே ஆள் நடமாட்டம் குறைவு. தனியாக வேண்டாம், ஊரில் விசாரித்து, நான்கைந்து பேராகப் போங்கள். அது ஊர்க்காரர்கள் கும்பிடும் மலை என்ற நினைப்போடு போனால் நல்ல வரவேற்பு கிடைக்கும்.

சதுரகிரி இப்போது வேண்டவே வேண்டாம். அது புலிகள் காப்பகக் காடு. வனத்துறை அனுமதிக்கும் நாள், நேரம் தவிர மற்ற சமயத்தில் நுழைவது குற்றம். ஓடைகளில் மேலே பெய்த மழை கீழே திடீரென்று வரும். 2015 மே மாதம் அப்படி வந்த வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள். தாழ்சர்க்கரை வரக்கூடியவர் தனியாக ஏற வேண்டிய மலை இல்லை அது.

48 நாள்

வீட்டைவிட்டுப் போனால்தான் கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள். திருவண்ணாமலை என்றதும் நீங்கள் நினைப்பது ரமணரை. அவருக்கு அந்த அனுபவம் நேர்ந்தது மலையில் இல்லை. 1896 ஜூலையில், 16 வயதில், மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் சொக்கப்ப நாயக்கன் தெருவில் சித்தப்பா வீட்டு மாடியறையில். அந்த வீடு இன்று ரமண மந்திரமாக இருக்கிறது, போய் உட்காரலாம். அண்ணாமலைக்குப் போய்ச் சேர்ந்தபிறகு பாதாள லிங்கக் குகையில் தொடையும் காலும் புண்ணாகிக் கிடந்தவரை மற்றவர்கள்தான் தூக்கி வெளியே கொண்டுவந்து, வாயில் உணவை ஊட்டிக் காப்பாற்றினார்கள். பிற்காலத்தில் துறவு கேட்டு வந்த இல்லறத்தாரை வீட்டிலேயே இருந்து 'நான் யார்' என்ற ஆத்ம விசாரணை செய்யச் சொன்னவரும் அவரே.

நம் ஊர்க் குகைகளும் இதைத்தான் காட்டுகின்றன. அரிட்டாபட்டியை அடுத்த மாங்குளம் குன்றில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் வெட்டிய, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. சமண முனிவர்களுக்கு அந்தப் பள்ளியை, அதாவது தங்குமிடத்தை, அமைத்துக் கொடுத்தவர்களின் பெயர்கள் அவற்றில் இருக்கின்றன: பாண்டியன் நெடுஞ்செழியனின் ஆட்கள், வெள்ளறை நிகமம் என்ற வணிகக் குழுவினர். முனிவர் மௌனமாக இருக்கப் படுக்கை வெட்டித் தரவும் சோறு போடவும் ஒரு ஊர் இருந்தது. நீங்கள் திட்டமிடும் 48 நாளில் அப்படி யார் இருக்கிறார்கள்? தெரியாத ஊரில் வாடகை அறை, மூன்று மணி விழிப்பு, சர்க்கரை மாத்திரை, ஒழுங்கில்லாத சாப்பாடு, பேச ஆளில்லை. மனச்சோர்வுள்ளவருக்கு இதைவிட ஆபத்தான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. பத்து நாள் விபாசனா மௌனத் தியான முகாமும் இப்போதைக்கு வேண்டாம். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து தினம் பத்து மணி நேரம் அமர்வது. விண்ணப்பத்திலேயே மனநலம் பற்றிக் கேட்பார்கள், மறைக்காமல் எழுத வேண்டும். தேறியபிறகு யோசிக்கலாம்.

திருவண்ணாமலை ஆசையை விட்டுவிடச் சொல்லவில்லை. தூக்கம் தொடர்ந்து ஒரு மாதம் ஆறு மணி நேரமாவது வந்து, எடை நின்று, மருத்துவர் சரி என்றபிறகு மூன்று நாள் போய்வாருங்கள். ஆசிரமத்தில் தங்க வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். பௌர்ணமி வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள், லட்சக்கணக்கில் கூட்டம் வரும், நீங்கள் தேடும் அமைதி கிடைக்காது. கிரிவலம் 14 கிலோமீட்டர். சாப்பிட்டுவிட்டு, மாலையில், பாதி தூரம் நடந்து ஆட்டோவில் திரும்பினாலும் குறைவில்லை. கணவர் வருகிறேன் என்றால் அழைத்துப் போங்கள். அவர் பேசினால் பதில் சொல்லுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டுதான். வியாழனுக்குள் சர்க்கரை மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள், போகும்போது மருந்துச் சீட்டையும் அந்தப் பதினோரு மணி நடுக்கம் வந்த தேதிகளையும் எடுத்துச் செல்லுங்கள். மனநலப் பிரிவுக்கு எப்போது போகலாம் என்பதைக் கணவரோடு உட்கார்ந்து முடிவுசெய்யுங்கள், சிலேட்டு இல்லாமல்.